பாரா, பூசல், தண்டோரா: காவலன் வீழ்ந்த செய்தியும் செஞ்சிச் சீமையும்

தீப்பிடித்தாலும், கள்வர் புகுந்தாலும், பகைவர் மதிலேறினாலும் ஊரை எழுப்புவது காவலனின் கடமை என்பது எல்லாக் காலத்திலும் ஒப்புக்கொள்ளப்பட்ட ஒன்றாக இருக்க, முதல் அடி காவலன் மீதே விழுந்துவிட்டால் அச்செய்தியை ஊருக்குச் சொல்வது யார் என்ற கேள்வி, காவல் என்னும் ஏற்பாட்டுக்குள் தொடக்கம் முதலே ஒரு முடிச்சாக இருந்து வந்திருக்கிறது. கூவ வேண்டிய வாய் முதலில் அடைபடும் நிலை அது. அமெரிக்காவில் இன்று ‘ப்ளூ அலர்ட்’ என்னும் பெயரில், காவல் அலுவலர் ஒருவர் கொல்லப்பட்டாலோ படுகாயமுற்றாலோ தாக்கியவர் பற்றிய விவரத்தைப் பொதுமக்களின் கைபேசிகளுக்கு உடனே அனுப்பும் முறை வழக்கில் இருக்கிறது. இந்தியாவில் அத்தகைய தனிச்சட்டம் இல்லை. ஆனால் அந்த முறை அவிழ்க்க முயலும் முடிச்சு புதியதன்று. விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சியையும் அதைச் சுற்றியுள்ள நாட்டையும் எடுத்துக்கொண்டு பார்த்தால், நடுகல் காலத்திலிருந்து கைபேசிக் காலம் வரை அதே முடிச்சு வெவ்வேறு கைகளில் வெவ்வேறு விதமாக அவிழ்ந்தும் இறுகியும் வந்திருப்பது புலப்படும்.

செஞ்சிக் கோட்டையின் அமைப்பே இக்கேள்விக்குக் கல்லால் எழுதப்பட்ட ஒரு விடை எனலாம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகள் முக்கோணமாக நிற்க, அவற்றை நீண்ட மதிலும் அகழியும் இணைக்கின்றன; ஒவ்வொரு குன்றும் தனக்கெனச் சுவர்களையும் வாயில்களையும் கொண்ட தனிக்கோட்டையாகவும், மூன்றும் சேர்ந்து ஒரே கோட்டையாகவும் இருக்கும்படி பல ஆட்சிகள் அடுத்தடுத்துக் கட்டியிருக்கின்றன. ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள ராஜகிரியின் உச்சிக்குச் செல்லும் வழியில் 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் கொண்ட ஒரு பிளவு குறுக்கிடுகிறது. மரப்பாலத்தை எடுத்துவிட்டால் உச்சி உலகத்திலிருந்து அறுபட்டுவிடும். மேலே ரங்கநாதர் கோயில், களஞ்சியம், பீரங்கி ஆகியவற்றோடு மணிக்கூண்டு என்று வழங்கும் கட்டடமும் இருக்கிறது. ஒரு குன்றின் காவல் வீழ்ந்தால் மற்ற இரண்டும் அதைக் கண்ணால் காணவும் காதால் கேட்கவும் கூடிய தொலைவில் இருப்பதே இந்த முக்கோணத்தின் உண்மையான வலிமை என்று கொள்வது பொருந்தும். மதிலின் உயரத்தையும் அகழியின் அகலத்தையும் வியக்கும் வழிகாட்டி நூல்கள் இதனை ஏனோ பெரும்பாலும் சொல்வதில்லை.

பெரிய கோட்டைகளின் இரவுக் காவல் ஒலியால் நடந்தது. மதிலின் ஒரு முனையில் நிற்பவன் குறித்த நேரத்தில் குரல் கொடுக்க, அடுத்தவன் அதை வாங்கி அதற்கடுத்தவனுக்குக் கொடுக்க, குரல் கோட்டையைச் சுற்றிவந்து தொடங்கிய இடத்தை அடையும். விழித்திருக்கிறேன் என்று சொல்வது மட்டுமே இக்குரலின் பொருள் என்று தோன்றலாம். அதன் நுட்பம் வேறு. குரல் ஓரிடத்தில் அறுந்துபோனால், அந்த இடத்தில் நின்றவன் உறங்கிவிட்டான் அல்லது உயிரோடில்லை என்பது அடுத்து நிற்பவனுக்கு உடனே தெரிந்துவிடும். தாக்கப்பட்ட காவலன் கூவ வேண்டியதில்லை. அவனுடைய மௌனமே கூவிவிடுகிறது. காவலனைக் காக்கும் ஏற்பாடுகளுள் இதைவிட எளியதும் மலிவானதும் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

இந்தக் காவல் முறைக்கு உரிய சொற்களைத் திரட்டிப் பார்த்தால் செஞ்சியை ஆண்டவர்களின் வரிசை அப்படியே தெரியவரும். கட்டியக்காரர் அரசர் முன்னே கூவிச் சென்ற ‘எச்சரிக்கை’ என்னும் சொல் நாயக்கர் காலத்துத் தெலுங்கு வழக்கோடு உறவுடையது. நின்று காக்கும் பணியைக் குறிக்கும் ‘பாரா’, விழிப்பைக் குறிக்கும் ‘உஷார்’, காவல் நிலையத்தைக் குறித்த ‘டாணா’, கோட்டைத் தலைவனைக் குறித்த ‘கிலேதார்’, நகரக் காவல் அதிகாரியைக் குறித்த ‘கொத்தவால்’ ஆகியன பீஜப்பூர், மராத்திய, முகலாய ஆட்சிகளின் வழியே பாரசீக, இந்துஸ்தானிச் சொற்களாக வந்தவை. சுற்றிவந்து காக்கும் ‘ரோந்து’ ஐரோப்பியர் வழி வந்தது. இவற்றுள் சில அகராதியில் மட்டும் எஞ்சியிருக்க, பாராவும் ரோந்தும் இன்றும் தமிழகக் காவல் நிலையங்களில் அன்றாடம் புழங்குகின்றன. நிலைய வாயிலில் துப்பாக்கியுடன் நிற்பவர் இன்றும் பாராக் காவலரே.

மராத்தியர் 1677இல் செஞ்சியைக் கைக்கொண்டபோது, கோட்டைக் காவலைப் பற்றிய ஒரு தெளிந்த கொள்கையோடு வந்தனர். சிவாஜியின் ஆட்சியில் ஒரு கோட்டையின் பொறுப்பு ஒருவர் கையில் விடப்படவில்லை; படையையும் வாயிற் சாவியையும் கவனிக்கும் ஹவில்தார், கணக்கையும் கடிதங்களையும் கவனிக்கும் சப்னிஸ், கண்காணிப்பையும் இரவுச் சுற்றையும் கவனிக்கும் சர்னோபத் என்று அது பகுக்கப்பட்டிருந்தது. ஒருவர் விலைபோனாலும் வீழ்ந்தாலும் மற்றவர் அறியும்படி செய்ததே இப்பகுப்பின் நோக்கம். கோட்டைச் சரிவுகளின் கீழே, மதிலுக்கு வெளியே, ராமோசி, மகர் முதலிய சமூகத்தாரைக் குடியமர்த்தி வெளிவளையக் காவலை அவர்களிடம் ஒப்படைப்பதும் மராத்திய வழக்கம். பகைவன் முதலில் சந்திக்கும் மனிதர்கள் அவர்களே. உச்சியில் இருப்போருக்குச் செய்தி எட்டுவதற்குள் முதலில் அடிபடுவோரும் அவர்களே. கோட்டை வரலாறுகள் உச்சியிலிருந்து எழுதப்படுவதால் இந்த வெளிவளையத்தார் அவற்றில் பெயரின்றி மறைந்துவிட்டனர்.

எத்தகைய ஏற்பாடும் அதை இயக்கும் மனத்தைவிட வலியதன்று. 1690இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகர் கான் தொடங்கிய முற்றுகை 1698 வரை நீண்டதற்குக் கோட்டையின் அருமையோடு அத்தளபதியின் மறைமுகமான பேரங்களும் காரணம் என்பதை வரலாற்றாசிரியர்கள் சுட்டியிருக்கின்றனர். கோட்டை விழுந்தபோது, அதுவரை உள்ளிருந்த மராத்திய அரசர் ராஜாராம் முன்னரே வெளியேறியிருந்தார். வளைத்து நின்ற காவலே கண்மூடிக்கொண்டால் எந்த மணியும் ஒலிக்காது. நஸரத்கட் என்று முகலாயர் பெயர் மாற்றிய அதே கோட்டையில் 1714 அக்டோபரில் தேஜ்சிங், அதாவது கதைப்பாடல் வழியே தமிழர் நன்கறிந்த தேசிங்கு ராஜன், ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் படையோடு பொருது மாண்ட பின் அது நவாபின் கைக்கு வந்தது.

முக்கோணத்தின் பலவீனம் 1750 செப்டம்பரில் வெளிப்பட்டது. நவாபு பதவிக்கான போட்டியில் பிரெஞ்சுப் படையிடம் தோல்வியுற்ற முகமது அலியின் படையினர் ஆயிரக்கணக்கில் செஞ்சி மதிலடியில் அடைக்கலம் புகுந்திருந்த நேரத்தில், பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி சிறு படையொன்றோடு வந்து, அவர்களைச் சிதறடித்து, வெளிவாயிலை வெடிவைத்துத் தகர்த்து உள்ளே புகுந்தார். பகலில் மூன்று குன்றுகளிலிருந்தும் குண்டுகள் பொழிந்தபோது அவர் படை சுவர்களின் மறைவில் காத்திருந்தது. நிலவு மறைந்த பின் அவர் செய்த காரியமே இங்குக் கருதத்தக்கது: படையை மூன்றாகப் பகுத்து, மூன்று குன்றுகளின் மீதும் ஒரே வேளையில் ஏறச் செய்தார். ஒரு குன்றின் கூக்குரல் மற்றொன்றின் உதவியை அழைக்க வேண்டும் என்பதற்காகவே அமைந்த கோட்டையில், மூன்று குன்றுகளும் ஒருசேரக் கூவியபோது கேட்பதற்கு எவரும் எஞ்சவில்லை. பொழுது புலர்வதற்குள் மூன்றும் விழுந்தன. எட்டாண்டு முற்றுகையைத் தாங்கியதாகப் பெயர்பெற்ற கோட்டை ஓர் இரவில் வீழ்ந்ததைக் கண்டு வென்றவர்களே வியந்தனர் என்பர். பதினோராண்டுகளுக்குப் பின், புதுச்சேரி வீழ்ந்ததைத் தொடர்ந்து, 1761 ஏப்ரலில் ஆங்கிலேயக் கேப்டன் ஸ்டீபன் ஸ்மித்திடம் கோட்டை பணிந்தது. 1780இல் மைசூரின் ஹைதர் அலியின் கைக்கும் போனது. அந்த 1780ஆம் ஆண்டில்தான், ஹைதரின் குதிரைப்படை கணவாய்களைக் கடந்து கர்நாடகப் பகுதிக்குள் இறங்கிவிட்டதாக வந்த செய்திகளைப் பொருட்படுத்தாமலிருந்த சென்னையிலிருந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள், எரியும் ஊர்களின் புகையைப் பரங்கிமலையிலிருந்து கண்ணால் கண்ட பிறகே நம்பினர். செய்தி வராமற் போவது ஒரு தோல்வி என்றால், வந்த செய்தியை நம்பாமற் போவது மற்றொன்று.

கோட்டைக்கு வெளியே, ஊர்களின் காவல் வரலாறு இன்னும் பழையது. கோட்டையின் வரலாற்றைவிடச் செறிவும் மிக்கது. செஞ்சிக்கு மேற்கே திருவண்ணாமலையைத் தாண்டிச் செங்கம் வட்டாரத்தில் காணப்படும் நடுகற்கள், பல்லவர் காலம் முதற்கொண்டு, ஆநிரை கவர வந்தோரை எதிர்த்து மாண்ட வீரர்களின் பெயரையும் ஊரையும் அரசனின் ஆட்சியாண்டையும் பொறித்து நிற்கின்றன. நடுகல் என்பது வீழ்ந்த வீரனின் நினைவாக, பெரும்பாலும் அவன் வீழ்ந்த இடத்திலோ ஊரெல்லையிலோ நாட்டப்படும் உருவம் பொறித்த கல். மந்தையைக் காத்து நின்றவன் வீழ்ந்தான் என்பது அக்கற்களின் ஒரே செய்தி. அதைத் தாங்கி, வருவோர் போவோர் அனைவரும் காணுமாறு நிற்கும் கல்லைப் பொது அறிவிப்பின் மிகப் பழைய வடிவம் என்று கொண்டால் தவறாகாது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்து எடத்தனூர் நடுகல்லில் வீரனோடு கோவிவன் என்னும் நாயும் இடம்பெறுகிறது. கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதற்காக அந்த நாயின் பெயரும் கல்லில் ஏறியிருக்கிறது. தலைவன் வீழ்ந்த பின்னும் கூவக்கூடிய வாய் ஒன்று அங்கே இருந்தது என்று அதனைப் படிக்கலாம்.

‘பூசல்’ என்னும் பழந்தமிழ்ச் சொல் இவ்விடத்தில் கவனத்துக்குரியது. அதற்குப் பேரொலி, கூக்குரல் என்றும் பொருள். போர் என்றும் பொருள். மந்தை கவரப்பட்டதைக் கண்டவன் எழுப்பும் ஓலமும், அதைக் கேட்டு ஊரார் ஆயுதத்தோடு விரைந்து நடத்தும் மீட்புப் போரும் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டன. ஆநிரை மீட்டலைக் கரந்தை என்று இலக்கணங்கள் வகுத்தபோதும், கல்வெட்டுகள் தொறுப்பூசல் என்றே அந்நிகழ்வைச் சுருங்கச் சொல்லின. அறிவிப்பும் செயலும் இரண்டல்ல என்ற இந்த எண்ணம், அறிவிப்பைக் கேட்டுவிட்டு வீட்டில் அமர்ந்திருப்பது என்னும் நிலையையே ஏற்கவில்லை. மேற்கே இங்கிலாந்தில் 1285இல் இயற்றப்பட்ட வின்செஸ்டர் சட்டம் இதையொத்த ஒரு முறைக்கு எழுத்துவடிவம் கொடுத்தது; குற்றத்தைக் கண்டவன் கூவ வேண்டும், கேட்டவர் அனைவரும் கூவிக்கொண்டே குற்றவாளியைத் துரத்த வேண்டும், பிடிக்கத் தவறினால் அவ்வட்டாரத்தாரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்றது அது. அதன் ஆங்கிலப் பெயரான ‘ஹியூ அண்ட் க்ரை’ என்பது, தேடப்படுவோரைப் பற்றிய அறிவிப்புத் தாளின் பெயராக இந்தியக் காவல் துறையின் பல பகுதிகளில் இன்னும் வழங்குகிறது. ஆனால் தாளில் கூச்சல் இல்லை, துரத்தலும் இல்லை.

சோழர் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்றும், விஜயநகரக் காலத்தில் ‘தலையாரிக்கம்’ என்றும் வரும் வரிகள், ஊர்க்காவலனுக்கு ஊரே கூலி கொடுத்ததைக் காட்டுகின்றன. தலையாரி என்பவர் ஊரின் காவலாள். களத்தில் அளக்கும் நெல்லில் பங்கும், சில இடங்களில் மானிய நிலமும் அவருக்கு உண்டு. இதற்கு ஈடாக, களவுபோன பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும், இயலாவிட்டால் ஈடு கொடுக்க வேண்டும் என்பது காவல் முறையின் பொது விதி. சென்னைப் பட்டணத்தில் பெத்த நாயக்கர் என்னும் காவல் தலைவரும் அவருடைய தலையாரிகளும் இதே விதியின் கீழ்தான் கம்பெனிக்குப் பணிபுரிந்தனர். இந்த விதியின் விளைவாகக் காவலனும் ஊரும் ஒருவருக்கொருவர் பிணையாயினர். தலையாரி தாக்கப்பட்டால் அது ஊருக்கு வெளியே உள்ள யாரோ ஓர் அரசின் ஊழியனுக்கு நேர்ந்த தீங்கு அன்று. ஊரார் தாம் நெல் அளந்து வைத்துக்கொண்ட ஆளுக்கு நேர்ந்தது. ஊரைத் திரட்டுவதற்குத் தனியே ஆணை தேவைப்படவில்லை. இம்முறையைப் பொற்காலமாக வருணிப்பது பிழை. காவல்காரரே கள்வரோடு கைகோத்ததும், காவற்கூலி கொடுக்க மறுத்த ஊரில் திட்டமிட்டுக் களவு நடந்ததும் கம்பெனி ஆவணங்களில் நிறைந்து கிடக்கின்றன. எனினும் செய்தி பரவும் வழி என்ற அளவில் அது குறுகியதாகவும் விரைவானதாகவும் இருந்தது.

1801இல் கர்நாடகப் பகுதி முழுவதும் கம்பெனியின் நேரடி ஆட்சிக்குள் வந்தபோது செஞ்சியும் தென்னார்க்காட்டுக் கலெக்டரின் அதிகாரத்துக்குள் வந்தது. கோட்டை படைத்தளமாக இருந்த காலம் முடிந்து, ஊர் ஒரு சிறிய வருவாய்க் கிராமமாகச் சுருங்கியது. 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதி, காவல்காரர் என்னும் இடைநிலைத் தலைவர்களை ஒதுக்கிவிட்டு, கிராமத் தலைவர், கர்ணம், தலையாரி ஆகியோரைத் தாசில்தார், கலெக்டர் வழியாக அரசின் காவல் அமைப்பாகக் கட்டியது. காவலும் வரிவசூலும் ஒரே கையில் சேர்ந்ததன் கேடுகளை 1855இல் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிப்படுத்த, 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் சென்னை மாகாணத்துக்குத் தனிக் காவல் துறையை உருவாக்கியது. வில்லியம் ராபின்சன் அதன் முதல் தலைவரானார்.

இந்த மாற்றத்தில் செய்தியின் திசையே திரும்பியது. முன்பு காவலன் வீழ்ந்த செய்தி பக்கவாட்டில், ஊரிலிருந்து ஊருக்குப் பரவியது. இப்போது அது மேல்நோக்கிச் சென்றது: தலையாரி கிராம முன்சீப்பிடம் சொல்ல, முன்சீப் காகிதத்தில் எழுதி நிலையத்துக்கு அனுப்ப, நிலையம் சர்க்கிளுக்கும் சர்க்கிள் மாவட்டத் தலைமைக்கும் தெரிவிக்க, பிறகே கட்டளை கீழிறங்கியது. தந்தியும் ரயிலும் வந்தபோது அவை இருப்புப்பாதை போட்ட ஊர்களுக்கே முதலில் உதவின. செஞ்சிக்கு இன்றுவரை ரயில் இல்லை, அருகிலுள்ள பெரிய நிலையம் திண்டிவனம்தான். 1898ஆம் ஆண்டின் குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 42, 44, 45ஆம் பிரிவுகள், காவலருக்கு உதவுவதையும், சில கொடுங்குற்றங்களைப் பற்றித் தகவல் தருவதையும் மக்களின் கடமையாகவும், ஊரில் நிகழ்வனவற்றை அறிவிப்பதைக் கிராம அலுவலரின் கடமையாகவும் ஆக்கின. அவையே 2023ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 31, 33, 34ஆம் பிரிவுகளாகத் தொடர்கின்றன. மக்கள் அரசுக்குச் சொல்ல வேண்டும் என்று சட்டம் விரிவாகப் பேசுகிறது. அரசு மக்களுக்கு எப்போது, எவ்வளவு விரைவில் சொல்ல வேண்டும் என்பதைப் பற்றி இப்பிரிவுகளில் ஒரு சொல்லும் இல்லை.

பழைய ஏற்பாட்டின் சாரமான ‘மௌனமே எச்சரிக்கை’ என்னும் உத்தியும் இக்காலத்தில் தலைகீழாகப் பயன்பட்டது. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், சென்னை மாகாணத்தில் பல சமூகங்களை ஒட்டுமொத்தமாகப் பதிவேட்டில் ஏற்றி, அவர்கள் குறித்த வேளைகளில் தலைவர் முன்போ நிலையத்திலோ வந்து தம் இருப்பைக் காட்ட வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. பெயர் அழைக்கப்படும்போது குரல் வராவிட்டால் அதுவே குற்றம். மதிலின் மேல் நின்றவனைக் காப்பதற்காக இருந்த குரற்சங்கிலி, மதிலுக்குக் கீழே வாழ்ந்தவர்களைக் கட்டும் சங்கிலியாயிற்று. ஒருகாலத்தில் காவற்கூலி பெற்ற சமூகங்கள் சில இப்பதிவேட்டிலேயே இடம்பெற்றது அச்சட்டத்தின் கொடுமையை இரட்டிப்பாக்கியது. 1947இல்தான் மாகாணம் அதை நீக்கியது.

அரசு ஊருக்குச் சொல்ல நினைத்ததைச் சொல்லும் கருவியாகத் தண்டோரா எஞ்சியது. முற்காலத்தில் அரசாணையை வள்ளுவர் என்னும் குடியினர் யானைமீது முரசறைந்து அறிவித்ததாக இலக்கியங்கள் காட்டும் வழக்கத்தின் எளிய தொடர்ச்சி இது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படிப்போர், பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் கவர்னரின் கட்டளைகள் தமுக்கடித்தே தெருக்களில் சொல்லப்பட்டதைக் காணலாம். கிராமங்களில் இப்பணி ஒடுக்கப்பட்ட சாதியினரின் தலையில் கட்டாயப் பணியாக ஏற்றப்பட்டிருந்தது. வரிபாக்கிக்கும், ஏலத்துக்கும், தேடப்படும் ஆளுக்கும் அடித்தது ஒரே பறை. கேட்ட மாத்திரத்தில் ஓட வேண்டிய செய்தியா, கேட்டுவிட்டுப் போக வேண்டிய செய்தியா என்பதை அந்த ஒலி பிரித்துச் சொல்லவில்லை. 1980 நவம்பரில் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தபோது முன்சீப்பும் கர்ணமும் மறைந்தனர். 2022 ஆகஸ்டில், தண்டோரா போடும் வழக்கம் இனித் தேவையில்லை, ஒலிபெருக்கி பொருத்திய வண்டிகளைப் பயன்படுத்தலாம் என்று தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். மனித மாண்பின் பொருட்டு எடுக்கப்பட்ட சரியான முடிவு அது.

காவலர் மீதான தாக்குதல்கள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தபோது, ஊருக்குச் சொல்வது என்ற படி ஏறக்குறைய விடுபட்டுப்போயிருந்தது. 1980 ஆகஸ்ட் 6 அன்று, செஞ்சியிலிருந்து மேற்கே அன்றைய வட ஆர்க்காட்டு மாவட்டத்துத் திருப்பத்தூரில் நக்சல்பாரிக் குழுவினரின் குண்டுக்கு இன்ஸ்பெக்டர் பழனிச்சாமியும் அவருடன் இருந்த காவலர்களும் இரையாயினர். அதற்கு அரசு அளித்த விடை காவல் அதிகாரி வால்டர் தேவாரம் தலைமையிலான ‘ஆபரேஷன் அஜந்தா’ என்னும் வேட்டை. மாவட்டத்து ஊர்களில் வாழ்ந்தோர் செய்தியை நாளிதழிலும் வானொலியிலும் அறிந்தனர்; பின்னர் தம் வீட்டுக் கதவு தட்டப்படும்போதும் அறிந்தனர். 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு அருகே வீரப்பன் குழு வைத்த கண்ணிவெடிக்கு 22 பேர் பலியான பின்னும் நடந்தது இதுவே: அறிவிப்பு இல்லாத வேட்டை. அந்த மலையூர்களின் மக்கள் செய்தியைப் பெறுவோராகக் கருதப்படாமல், செய்தியை மறைப்போராகவே கருதப்பட்டனர்.

காவலர் நினைவு நாளாக ஆண்டுதோறும் அக்டோபர் 21 கடைப்பிடிக்கப்படுவதன் பின்னணியும் இங்கே நினைவுகூரத்தக்கது. 1959இல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் ரோந்து சென்ற மூன்று குழுக்களில் இரண்டு திரும்பிவிட, மூன்றாவது திரும்பாததே எச்சரிக்கையாகக் கொள்ளப்பட்டு, மறுநாள் தேடிச் சென்ற படையினர் மீது சீனத் துருப்புகள் சுட்டதில் மத்திய ரிசர்வ் போலீசார் பத்துப் பேர் மாண்டனர். கம்பியில்லாத் தந்தி இருந்த காலத்திலும், இமயத்தின் அந்தத் தனிமையில் செய்தியாக அமைந்தது செஞ்சி மதிலில் அறுந்த குரல் போன்ற அதே மௌனம்தான்.

2020 ஜனவரி 8 இரவு கன்னியாகுமரி மாவட்டத்துக் களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டபோது காலம் மாறியிருந்தது. எல்லையின் இருபுறமும் தமிழக, கேரளக் காவல் துறைகளுக்கு உடனே தகவல் போனது. அருகிலிருந்த கண்காணிப்புக் கேமராவில் பதிவான உருவங்கள் தொலைக்காட்சிகளிலும் கைபேசிகளிலும் பரவின. ஒரு வாரத்துக்குள் இருவர் கர்நாடகத்தின் உடுப்பியில் பிடிபட்டனர். படம் பரவிய வேகத்தில் பூசலின் சாயல் இருந்தது உண்மை. ஆனால் அது ஒரு முறையான ஏற்பாட்டின் விளைவன்று, கைக்குக் கை பகிர்ந்ததன் விளைவு. மறுவருடம் நவம்பரில் திருச்சி மாவட்டம் நவல்பட்டு நிலையத்தைச் சேர்ந்த சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், இரவு ரோந்தில் ஆடு திருடர்களை இருசக்கர வண்டியில் தனியே துரத்திச் சென்று புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் வெட்டிக் கொல்லப்பட்டார். தனியே ரோந்து செல்வது, துப்பாக்கி எடுத்துச் செல்வது ஆகியவை பற்றி அதன் பின் நிறையப் பேசப்பட்டது. ஆநிரை கவர்தலும் காத்தவன் வீழ்தலும் என்று பார்த்தால், செங்கத்துக் கற்களின் கதையே அது. அக்கால மீட்புப் படையில் ஊர் இருந்தது, இந்த இரவில் ஊர் உறங்கிக்கொண்டிருந்தது.

அமெரிக்கா இந்த இடைவெளியைத்தான் சட்டத்தால் நிரப்ப முயன்றது. 2008இல் புளோரிடா மாநிலம் ப்ளூ அலர்ட் முறையைத் தொடங்கியது. 2014 டிசம்பர் 20 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் ரஃபேல் ராமோஸ், வென்ஜியன் லியூ என்னும் இரு காவலர்கள் தம் வண்டியில் அமர்ந்திருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டனர். கொலையாளி முன்னதாகவே இணையத்தில் மிரட்டல் விடுத்திருந்ததைக் கண்டு பால்டிமோர் வட்டாரக் காவல் துறை அனுப்பிய எச்சரிக்கை நியூயார்க்கை எட்டிய வேளையில் காரியம் முடிந்திருந்தது. அவ்விருவர் பெயரால் 2015 மே மாதம் ஒரு கூட்டாட்சிச் சட்டம் பிறந்தது. 2017 டிசம்பரில் அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் நெருக்கடி அறிவிப்பு முறையில் இதற்கெனத் தனிக் குறியீடு ஒன்றை ஏற்படுத்தியது. காவலர் கொல்லப்பட்டோ, படுகாயமுற்றோ, கடமையின்போது காணாமற்போயோ இருக்க வேண்டும். தாக்கியவரால் மேலும் ஆபத்து இருக்க வேண்டும். அவரை அடையாளம் காணப் போதிய விவரமும் இருக்க வேண்டும் என்பவை பொதுவான நிபந்தனைகள்.

நிபந்தனைகள் தாளில் தெளிவாக இருந்தபோதும் தொலைவு என்ற ஒன்றை அவை சரிவரக் கணக்கிடவில்லை. 2024 அக்டோபர் 4 விடியுமுன், டெக்சாஸ் மாநிலத்தின் வடகோடியில் சிற்றூர்க் காவல் தலைவர் ஒருவர் சுடப்பட்டதற்காக விடுக்கப்பட்ட எச்சரிக்கை மாநிலம் முழுவதும் கைபேசிகளை அலறவைத்தது. நூற்றுக்கணக்கான மைல் தள்ளி உறங்கிக்கொண்டிருந்தோருள் பலர் எழுந்து, செய்வதற்கு ஏதுமின்றி, அந்த அறிவிப்பு வசதியையே அணைத்துவிட்டனர். ஆயிரக்கணக்கான புகார்கள் ஆணையத்துக்குப் போயின. செஞ்சியின் முக்கோணம் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தொலைவைக் கொண்டே அளக்கப்பட்டிருந்தது. ஒரு குன்றின் குரல் உதவக்கூடியவர்களை மட்டுமே அடைந்தது. நிலப்பரப்பு இட்ட அந்த வரம்பை மின்னலை தாண்டிவிட்டது, தாண்டியதாலேயே கேட்பவரின் பொறுமையையும் இழந்தது. 1750இன் இரவில் எல்லாக் குன்றும் ஒருசேரக் கூவியதால் பயனற்றுப்போன குரல், இங்கே எல்லாக் காதிலும் ஒருசேர விழுந்ததால் பயனற்றுப்போனது.

இந்தியாவில் கைபேசிக் கோபுரங்களின் வழியே ஒரு பகுதியிலுள்ள எல்லாக் கைபேசிகளுக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பும் முறை, செல் பிராட்காஸ்ட் என்பது, பேரிடர் மேலாண்மைக்காக உருவாக்கப்பட்டு 2023ஆம் ஆண்டில் மாநிலம் மாநிலமாகச் சோதிக்கப்பட்டது. புயலுக்கும் வெள்ளத்துக்கும் சுனாமிக்கும் என்று வகுக்கப்பட்ட இம்முறையில், குறித்த கோபுரங்களை மட்டும் தேர்ந்து அனுப்ப இயலும் என்பதால், மூன்று குன்றுகளுக்கு மட்டும் கேட்கும் குரலை மீண்டும் உண்டாக்குவதும் நுட்ப அளவில் கூடும். காவலர் மீதான தாக்குதலுக்கு அதைப் பயன்படுத்தும் விதி எதுவும் இன்னும் இல்லை. 1921இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டு, 2025 ஜூலையில் மராத்திய இராணுவ அரண்கள் பன்னிரண்டில் தமிழகத்துக்குரிய ஒரே கோட்டையாக யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறிய செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில், ஊரார் அனைவரையும் ஒரே நொடியில் எட்டக்கூடிய கருவி தண்டோராவுக்குப் பின் இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது. அச்சோதனையின்போது தமிழகக் கைபேசிகளில் பேரொலியுடன் வந்த செய்தி, இது வெறும் சோதனை, பெறுபவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை, பொருட்படுத்தாமல் விட்டுவிடலாம் என்றே சொன்னது.